பிள்ளைகளுக்கு அனான்சி, மாமி வாட்டா கதை சொன்னவர்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

தேமாவாசி
கானாவில் தேமாவில் இருக்கிறோம், ஆறு வருஷமாச்சு. மகளுக்கு எட்டு வயசு. தும்சோர் (மின்வெட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) வந்து கரண்ட் போனால் எங்கள் வீட்டில் அனான்சி கதைதான். தெரியாதவர்களுக்கு: அனான்சி, கானாவின் அக்கான் மக்கள் கதைகளில் வருகிற தந்திரக்காரச் சிலந்தி.

வானத்துக் கடவுள் நியாமேவிடமிருந்து கதைகளையெல்லாம் விலைக்கு வாங்க அனான்சி போகிற கதை. மலைப்பாம்பு, குளவிக்கூட்டம், சிறுத்தை, மொஆட்டியா என்ற காட்டுக் குள்ள ஆவி, எல்லாவற்றையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். "அனான்சி யோசிச்சான், ஒரு ஐடியா வந்துச்சு" என்று நான் சொன்னதும், உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மேல்வீட்டு ஆன்ட்டி தரையைத் தட்டினார். குமாசிக்காரர், அறுபது வயசிருக்கும். "அவன் எங்கே யோசிச்சான்? அசோ சொன்னா!"

அசோ, அனான்சியின் பெண்டாட்டி. பாம்பை அளக்கப் பனங்கிளையும் கொடியும் வெட்டு என்றது அவள். சிறுத்தைக்குக் குழி தோண்டச் சொன்னது அவள். மொஆட்டியாவுக்கு மரப்பொம்மை செய்து பிசின் பூசி, கையில் மசித்த கிழங்கை வைக்கச் சொன்னதும் அவள். குளவி கட்டம் வந்ததும் ஆன்ட்டி பேசவில்லை. டம்ளர் தண்ணியில் கொஞ்சம் என் மகள் தலையில் தெளித்தார், கொஞ்சம் தன் தலையில் விட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை வாழையிலை மாதிரி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, காலிக் குடத்தை நீட்டி, "மழை பெய்யுதே, நனைஞ்சு சாகாதீங்க, உள்ளே வாங்க" என்றார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மகள் நிஜமாகவே குடத்துக்குள் தலையை விடப் போனாள்.

இரண்டு வருஷமாக அசோ இல்லாமலே இந்தக் கதையைப் பெண் குழந்தைக்குச் சொல்லியிருக்கிறேன். என்னிடமிருந்த குழந்தைகள் பதிப்பில் அவள் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

தீவுக்காரன்
லாகோஸ். 2017 மே, ஏயோ விழா. ஏயோ என்பது யோருபா மக்களின் முகமூடி வேஷம். தலை முதல் கால்வரை வெள்ளைத்துணி, முகம் தெரியாது, தொப்பி, கையில் ஒப்பம்பாத்தா கோல். அது வரும் தெருவில் செருப்பு கூடாது. நான் கழற்றிவிட்டேன், நமக்குப் பழக்கம்தானே. பையன் காலில் விளக்கு மின்னுகிற ஷூ. கூட்டத்தில் கவனிக்கவில்லை.

ஒரு ஏயோ எங்கள் முன்னால் நின்றது. கோலை அவன் காலுக்கு நேராக நீட்டியது, ஒரு வார்த்தை இல்லை. ஷூ பச்சை, சிவப்பு என்று மின்னிக்கொண்டே இருக்கிறது, பையன் சத்தமாக "அப்பா, உள்ளே யாரு?" என்கிறான். பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்மணி அவன் வாயைப் பொத்திவிட்டு, குனிந்து தானே லேஸை அவிழ்த்தார். ஏயோ காத்திருந்து, பிறகு போனது.

ராத்திரி நாங்கள் சொல்லிக்கொள்ளும் தொடர்கதையில் இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் (வெள்ளைத்துணிக்காரர்களைத்தான் சொல்கிறேன்) வருவார்கள். உள்ளே யார் என்று பையன் அப்புறம் கேட்டதே இல்லை.

பழைய வாத்தியார்
இதெல்லாம் வெறும் சாகசக் கதை என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1981ல் நைஜீரியாவில் ஓண்டோ பக்கம் கணக்கு வாத்தியாராகப் போனேன். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எத்தனையோ பேர் போனோம். என் வகுப்பில் ஒரு பையன். பெயருக்கு அர்த்தம் கேட்டேன். "இனிமேல் சாகமாட்டான்" என்றான்.

அபிக்கு. பிறந்து பிறந்து செத்து, அதே தாய் வயிற்றில் திரும்பி வருகிற குழந்தை என்பது யோருபா நம்பிக்கை. கொகுமோ, மலோமோ, துரோஜாயே எல்லாம் அந்தக் குழந்தையைக் கெஞ்சித் தங்க வைக்கிற பெயர்கள். இனிமேல் சாகமாட்டான், திரும்பப் போகாதே, இருந்து வாழ்.

ஒருநாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். முதுகில் கட்டியிருந்த பெண் குழந்தையின் காலில் இரும்பு வளையம், அதில் சின்ன மணி. ஆவிக்கூட்டாளிகள் வந்து கூப்பிடாமல் விரட்டுவதற்கு. என் பெயரின் அர்த்தம் என்ன என்று மகனை விட்டுக் கேட்டார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்கு வைத்த பெயர் பிச்சை. அதைச் சொன்னேன். அவன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்தத் தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குழந்தை காலை உதைத்தது, மணி சத்தம் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடலோரம்
நான் டோகோவில், லோமே. மகளோடு ஒரு மாமி வாட்டா கோவிலுக்குப் போனேன். தண்ணீர்த் தெய்வம். சென்ட் பாட்டில், பவுடர், கண்ணாடி எல்லாம் படையல். சுவரில் பார்த்தால் காலண்டர் படத்தில் தத்தாத்ரேயர்! மூன்று தலை, நாய்கள் எல்லாம் அப்படியே. "அம்மா, நம்ம சாமி!" என்று மகள் கத்தினாள். பூசாரியம்மா சிரிக்கவில்லை. விரலால் படத்தைத் தொட்டு "டென்சு" என்றார். நான் "இல்லை, தத்தா" என்றேன். அவர் மறுபடியும், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல், "டென்சு." நம் சாமி எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பாருங்கள்.

ஆற்றங்கரை
@கடலோரம், மன்னிக்கணும், நம் சாமி போகவில்லை, படம்தான் போயிருக்கிறது. மாமி வாட்டாவின் பேர்போன பாம்புக்காரி படமே ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் அச்சானது. 1955ல் கானா வியாபாரிகளுக்காக அதைப் பம்பாயில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்படி வந்த படங்களில் அங்குள்ளவர்கள் தங்கள் தெய்வங்களைக் கண்டார்கள். பூசாரியம்மா சொன்னதுதான் சரி, அது அங்கே டென்சு என்கிற அவர்கள் தெய்வம்தான்.

என் அனுபவம் சின்னது. பெனினில் வீடா ஊரின் பாம்புக் கோவிலில் மகன் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டார்கள். "இதயம் துடிக்குது, அதுக்கா எனக்கா தெரியல" என்றான். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே கதை கட்டுகிற பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. தயவுசெய்து எல்லாவற்றையும் "ஆப்பிரிக்கக் கதை" என்று ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். அனான்சி அக்கான் மக்களின் ஆள், கானா. ஏயோ யோருபா, நைஜீரியா. நடுவில் டோகோ, பெனின் என்று இரண்டு நாடு இருக்கிறது. அனான்சி கானாவோடு நிற்கவுமில்லை. அடிமைக் கப்பலில் அடைபட்டுப் போனவர்களோடு ஜமைக்கா வரைக்கும் போனான். பெரிய பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.

முக்கியமாக, எஷு என்ற யோருபா தெய்வத்தை வில்லனாக்காதீர்கள். பைபிளை யோருபாவில் பெயர்த்தபோது சாத்தானுக்கு எஷு என்று போட்டுவிட்டார்கள், அந்தப் பழி இன்னும் தீரவில்லை. அவர் முச்சந்தித் தெய்வம், தூதர். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு என்று தொப்பி போட்டு இரண்டு நண்பர்களின் வயலுக்கு நடுவே நடக்கிறார். சாயங்காலம் தொப்பி என்ன நிறம் என்று இருவருக்கும் அடிதடி. சாகசத்தை இங்கே தொடங்கினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். காகிதத்தில் தொப்பி செய்து போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நடங்கள், அண்ணன் ஒருபுறம், தங்கை மறுபுறம். வாள் சண்டையைவிட அதிகம் கத்துவார்கள்.

தீவுக்காரன்
@ஆற்றங்கரை, ஒரே சட்டி என்று என்னைச் சொல்கிறீர்களா? நான் அனான்சியைத் தொடவே இல்லையே.

தேமாவாசி
சண்டை வேண்டாம். வாத்தியார் ஐயா, உங்கள் மணிச் சத்தத்தை இரண்டு தடவை படித்தேன்.

நேற்று மறுபடி கரண்ட் போச்சு. ஆன்ட்டியே கதையை எடுத்தார். அக்கான் வழக்கப்படி முதலில், "நாங்கள் நிஜமென்று சொல்லவில்லை, நிஜமென்று சொல்லவில்லை" என்று தொடங்கினார். கதை நடுவே கேட்பவர்கள் யார் வேண்டுமானாலும் நிறுத்திப் பாடலாமாம், அதற்கு மொகுவோ என்று பெயர். மகள் விடுவாளா? குளவி இடம் வந்ததும் கையைத் தூக்கிவிட்டு, பாட்டி சொல்லிக்கொடுத்த தமிழ் மழைப்பாட்டை முழுசாகப் பாடினாள். ஆன்ட்டி அவள் முடிக்கும்வரை தாளம் போட்டார். பிறகு டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டி, "நீ தெளி" என்றார்.