கூரைப் பூச்சில் ஓட்டை, பட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது

ஓட்டைவாசி: பழைய வீடு. அறைக் கூரையின் பூச்சில் ஓட்டை விழுந்துவிட்டது. பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் பசை) வைத்து அடைத்தேன், காலையில் மொத்தமும் கட்டில் மேல் கிடந்தது. மறுபடியும் வைத்தேன், அதே கதை. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். எதை வைத்து அடைப்பது? அவசரம்.

கரணைக்கை: எவ்வளவு பெரிய ஓட்டை? உள்ளே டார்ச் அடித்தால் என்ன தெரிகிறது, மர ரீப்பரா (பூச்சைத் தாங்கும் மெல்லிய மரப்பட்டை), கம்பியா? துருப்பிடித்த கம்பி என்றால் கதையே வேறு. துரு ஊதித்தான் பூச்சைத் தள்ளியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் எதை வைத்தாலும் விழும்.

ஈரச்சுவர்: நீர்க்கசிவுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை இருக்கிறதா? மேலே குளியலறையா?

மூத்தமேஸ்திரி: இதே கேள்வி எத்தனையாவது தடவை? ஒருத்தராவது அளவு சொல்லிக் கேட்டதுண்டா? பட்டி என்பது மேலே மெழுகுவதற்கு. அதை உருண்டை பிடித்து ஓட்டையில் திணித்தால் விழாமல் என்ன செய்யும்.

சுண்ணாம்புப்பித்து: பழைய பூச்சு என்றால் சுண்ணாம்புக் காரையாகத்தான் இருக்கும். தயவுசெய்து சிமெண்ட் வேண்டாம். அது இறுகி நிற்கும், பழைய காரை அசைந்து கொடுக்கும், ஓரத்தில் விரிசல் விடும். சுண்ணாம்பையே வையுங்கள்.

ஓட்டைவாசி: ஒரு சாண் அகலம். மர ரீப்பர்தான், இரண்டு உடைந்திருக்கின்றன. கறை எதுவும் இல்லை. ஏணி முட்டிவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன்.

கரணைக்கை: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் :) ரீப்பர் இடுக்குக்குள் பிதுங்கிப் போய் மேலே மடிந்து இறுகிய காரைதான் பழைய பூச்சைத் தாங்குகிறது. உங்கள் ஓட்டையில் பிடிமானமே இல்லை. ஓரங்களைத் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றொலி வரும் இடத்தை அகலமான வாஷர் போட்டு ஸ்குரூவால் ரீப்பரோடு பிடித்துவிடுங்கள். அதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, உள்ளே ஒயர் போகிறதா பாருங்கள். உடைந்த இடத்தில் கம்பி வலையை வெட்டி, நல்ல ரீப்பரில் முடுக்குங்கள். தூசி தட்டி, ஓரத்தையும் மரத்தையும் தண்ணீர் தெளித்து நனையுங்கள், இல்லாவிட்டால் புதுப் பூச்சின் ஈரத்தைப் பழையது உறிஞ்சிவிடும். அப்புறம் ஜிப்சம் பூச்சு, முதல் கை, அதாவது முதல் பூச்சு, வலைக்குள் நன்றாகப் பிதுங்கட்டும், அடுத்த கை பிடித்துக்கொள்ள, அது இறுகுவதற்குள் மேலே கீறிவிடுங்கள். ஒரே தடவையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். கடைசியில்தான் பட்டி.

சுண்ணாம்புப்பித்து: சுண்ணாம்பின் மேல் ஜிப்சமா? நல்ல யோசனை!

மூத்தமேஸ்திரி: தம்பி, பழைய அலங்காரப் பூச்சுகளில் சுண்ணாம்புப் பசையில் ஜிப்சம் கலந்துதான் வேலை செய்தார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி தலையில் விழட்டும் என்கிறீர்களா?

சுண்ணாம்புப்பித்து: கலப்பது வேறு, மேலே அப்புவது வேறு. நனைத்தாலும் நாளைக்குப் பிரிந்து வரும்.

மூத்தமேஸ்திரி: எத்தனை கூரை பூசியிருக்கிறீர்கள்?

சுண்ணாம்புப்பித்து: உங்கள் அளவுக்குப் பேசியதில்லை.

கீச்சுக்குருவி: சண்டை நடுவே ஒன்று: பழைய கூரையில் சொரசொரப்பான அலங்காரப் பூச்சு இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் ஆபத்தான நார்) இருக்கக்கூடும். சோதிக்காமல் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம்.

ஈரச்சுவர்: கறை இல்லை என்பதை நான் இன்னும் நம்பவில்லை.

ஓட்டைவாசி: வலை, ஜிப்சம், இரண்டு கை. நிற்கிறது. மேற்பரப்பு வழவழப்புதான், சொரசொரப்பு இல்லை. பக்கத்தில் தட்டினால் இன்னோர் இடத்திலும் டொக் கேட்கிறது. அது அடுத்த வாரம்.