மருந்து கேட்கவில்லையா, உள்ளே போகவில்லையா?

கரூரிலிருந்து:

2009இல் எங்கள் ஆலையில் நடந்த இரத்ததான முகாமில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று இருப்பது தெரிந்தது. வைரஸை அடக்க லாமிவுடின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மாதச் செலவு என் சம்பளத்துக்குள் அடங்கியது. இரண்டு ஆண்டுகள் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் எண்ணிக்கை, அடங்கியே கிடந்தது. மூன்றாம் ஆண்டில் ஏறியபோது என்டெகாவிர் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். ஏன் ஏறியது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

2016இல் மறுபடியும் ஏறியது. 200ஆக இருந்த எண்ணிக்கை 48,000 ஆகிவிட்டது. புதிதாகப் பார்த்த கல்லீரல் மருத்துவர், "இதற்கு முன் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? ஒரு நாளாவது விட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் ஒரு நாளும் விட்டதில்லை. பழைய மருந்துச் சீட்டுகளைத் துணிப்பையோடு கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். லாமிவுடின் சீட்டைக் கண்டதும், வைரஸ் மாறியிருக்கிறதா என்று பார்க்க அதன் மரபணு வரிசைப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வரப் பதினேழு நாள் ஆனது. வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் புரதத்தில் 180, 204, 202 ஆகிய மூன்று இடங்களில் மாற்றம் இருந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. 204ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்துவிட்டால் லாமிவுடின் அங்கே பிடிமானம் இழக்கிறது. 180இல் வரும் மாற்றம் அந்த வைரஸுக்குத் தெம்பு கொடுக்கிறது. என்டெகாவிரை வெல்ல இவற்றோடு இன்னும் ஒரு மாற்றம் போதும். முன்பு மருந்தே எடுக்காதவர்களில் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் என்டெகாவிர் எதிர்ப்பு, அதாவது அந்த மருந்துக்கு வைரஸ் அடங்காத நிலை, வருகிறது. லாமிவுடின் எதிர்ப்பு ஏற்கெனவே வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடுகிறது. டெனோஃபோவிர் என்ற வேறு மருந்துக்கு மாறிய எட்டாம் மாதம், கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் இறங்கியது. பழைய சீட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து, ஆய்வகப் பணியாளர்:

கரூர் அண்ணா, நீங்கள் மாத்திரையை நிறுத்தாமலே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தது நல்லதாயிற்று. "மருந்துதான் கேட்கவில்லையே" என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வருபவர்கள் உண்டு. மருந்தின் அழுத்தம் விலகியதும் மாற்றம் அடையாத பழைய வைரஸ் முந்திக்கொண்டு பெருகிவிடும். மாறிய வைரஸ் மறையாது, சிறுபான்மையாகப் பதுங்கிவிடும். அப்போது எங்கள் அறிக்கையில் "மாற்றம் இல்லை" என்றே வரக்கூடும். திடீரென நிறுத்துவதால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பும் ஆபத்து வேறு இருக்கிறது.

வழக்கமான வரிசைப் பரிசோதனை, மொத்த வைரஸில் சுமார் 20 விழுக்காடாவது மாறியிருந்தால்தான் அதைக் காட்டும். திரையில் ஒரே இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். பழைய வைரஸும் மாறிய வைரஸும் சேர்ந்த கலப்பு என்று குறித்துக்கொள்வோம். பட்டை வடிவச் சோதனை 5 முதல் 10 விழுக்காட்டையும் பிடிக்கும், ஆனால் பட்டையில் முன்கூட்டியே பதித்த மாற்றங்களை மட்டுமே தேடும். வைரல் லோடு ஆயிரத்துக்கும் கீழே இருந்தால் பல நேரம் சோதனைக்குப் போதுமான அளவு வைரஸ் மரபணுவைப் பெருக்கவே முடியாது. "பணம் வாங்கிக்கொண்டு முடிவு தரவில்லை" என்று குடும்பத்தார் கலங்கி நிற்கும்போது எனக்கும் மனம் கனத்துவிடும். எண்ணிக்கையை முதலில் பார்த்துவிட்டு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

ஹெபடைடிஸ் பி உள்ள எங்கள் அம்மாவுக்கு வைரஸ் எண்ணிக்கை பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. எதிர்ப்புதான் என்று பயந்து பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஒரு மாற்றமும் இல்லை.

அன்று இரவு சமையலறையில் அம்மாவே சொன்னார். மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை. பெரியம்மா பேச்சைக் கேட்டுக் கீழாநெல்லியை அரைத்துக் குடித்து வந்திருக்கிறார். அந்த நம்பிக்கை வெறுங்கதையும் அல்ல. இந்த வைரஸைக் கண்டறிந்த புளூம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லியைப் பற்றி 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆனால் பின்னால் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்களில் ஒருவர்கூட அவரிடம் "மாத்திரை போட்டாயா அம்மா?" என்று கேட்டதில்லை. மருத்துவர் அதே மருந்தையே தொடரச் சொன்னார். இப்போது மாத்திரை அட்டை வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது. இரவு வெற்றிலை போடும் முன் அம்மா அதைத்தான் முதலில் எடுக்கிறார்.