ஏலத்தோட்ட வேலையை விட்டுத் தையல் படிக்கலாமா?

கேட்டவர்: கம்பத்துப் பொண்ணு

கம்பம் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் இறந்து 2 வருடம் ஆகிறது, எனக்கு 36 வயது. மகள் பத்தாவது, மகன் ஆறாவது. விடிகாலை 5 மணிக்கு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே தோட்டத்துக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும், ஜீப்புக்குப் போகக் கையில் 400 ரூபாய் நிற்கும். அட்டைக்கடியும் மருந்து வாடையும் பழகிவிட்டன. பிள்ளைகள் இருட்டும்வரை தனியாக இருப்பதுதான் பழகவில்லை.

வங்கி நடத்தும் ஆர்செட்டி பயிற்சி நிலையத்தில் 30 நாள் தையல் இலவசம், சாப்பாடும் உண்டு என்றார்கள். ஆனால் ஒரு மாதக் கூலி போகுமே. ஏற்கெனவே டவுனில் ஒரு தனியார் வகுப்பில் 3,000 ரூபாய் கட்டி, இரண்டு மாதமும் காகிதத்தை வெட்டியதோடு சரி. தெருவுக்கு நாலு டெய்லர் இருக்கும்போது உன்னிடம் யார் வருவார்கள் என்று மாமியார் கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த வழியில் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

போடி டெய்லர் அக்கா:

தங்கச்சி, நானும் உன்னைப் போலத்தான், பூப்பாறை பக்கம் 6 வருடம் காய் எடுத்தவள். தாராளமாகப் போய்ப் படி, ஆனால் இப்போதே வேலையை விடாதே. பிப்ரவரியோடு காய் எடுப்பு ஓய்ந்துவிடும் இல்லையா, மார்ச் ஏப்ரலில் வரும் பேட்சுக்குப் பெயர் கொடு. கூலி அதிகம் போகாது, முடித்து வந்ததும் பள்ளி யூனிஃபார்ம் சீசன் இருக்கும்.

30 நாளில் மெஷின் ஓடும், கை ஓடாது. லைனிங் பிளவுஸில் கைக்குழி சரியாக உட்கார எனக்கு எட்டு மாதம் ஆனது. முதல் பிளவுஸைச் சொந்தக்காரி ஒருத்தி முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தாள், அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். அதனால் பிளவுஸில் தொடங்காதே. சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, யூனிஃபார்ம் பிரித்துத் தைப்பது, நைட்டி, இதெல்லாம் துணி கெடாத வேலை.

அப்புறம் உன் மாமியாருக்குப் பதில். தோட்டத்தில் சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் பழைய சட்டையைத்தானே எல்லாரும் போடுகிறோம்? தோள் தொங்கும், செடியில் மாட்டும். நான் பெண்கள் அளவுக்கு முழுக்கைச் சட்டை தைத்து, மணிக்கட்டில் எலாஸ்டிக்கும் பக்கத்தில் ஆழமான பையும் வைத்தேன். எங்கள் ஜீப்பில் வந்த அத்தனை பேரும் வாங்கினார்கள். தெருவில் இருக்கும் நாலு டெய்லரும் அந்த ஜீப்பில் வருவதில்லையே.

மனு எழுதுபவர்:

சகோதரி, சில விஷயங்களைத் தள்ளிப்போடாதீர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு வயது 20 முதல் 40 வரைதான், உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது. பயிற்சிச் சான்று கேட்பார்கள். எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று வகுப்பில் சேரும் முன்பே சமூகநலத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்செட்டியில் பயிற்சி முடிந்த பிறகும் 2 வருடம் தொடர்பில் இருந்து வங்கிக் கடனுக்கு உதவ வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காய் இல்லாத மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

குமுளிக்காரன்:

அக்கா, மலைக்கு இந்தக் கேரளப் பக்கத்தையும் விட்டுவிடாதீங்க. இங்கே ஓணம், கிறிஸ்துமஸ். அங்கே தீபாவளி, பொங்கல். நைட்டிக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு. எங்கள் அம்மா இரண்டு பக்கமும் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

கம்பத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. மகளை விட்டு ஆர்செட்டிக்கு போன் போடச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் அந்த மனுவும் கொடுக்கிறேன். போடி அக்கா, நான் தோட்டத்துக்குப் போட்டுப் போவது அவருடைய சட்டைதான். அதைப் பிரித்து அளவு பார்க்க மனசு வரவில்லை. நீங்கள் சொன்ன முழுக்கைச் சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி பிடிக்கும்?