முதற்குறியா, தற்காலிகப் பெயரா?

குழுவினருக்கு வணக்கம்.

சிறுகோள் ஒன்றைக் கண்டவுடன் கொடுக்கப்படும் அடையாளத்தைத் ‘தற்காலிகப் பெயர்’ என்று எழுதலாம் என்கிறார் சென்னை நண்பர். எனக்கு உடன்பாடில்லை. அது பெயரும் அல்ல, தற்காலிகமும் அல்ல.

1988 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் கண்ட சிறுகோளைப் பாருங்கள். அதற்குக் கிடைத்தது ‘1988 டிகியூ1’. டி என்றால் பெப்ரவரியின் பிற்பாதி. அடுத்த எழுத்து வரிசையைக் காட்டும். ஐ என்ற எழுத்தை விட்டு எண்ணினால் கியூ 16ஆவது. கடைசி 1, அந்த 25 எழுத்துகளும் ஒருமுறை தீர்ந்துவிட்டன என்கிறது. ஆக, அந்த அரைமாதத்தில் 41ஆவது பதிவு. இன்று அது 4130 இராமானுஜன். ஆனாலும் டிகியூ1 பதிவேட்டை விட்டுப் போகவில்லை. எங்கள் வன்னியில் மாட்டுக்குச் செல்லப்பெயர் எதுவானாலும் பட்டிக்காரர் தேடுவது சுட்ட குறியைத்தான். ஆகவே ‘முதற்குறி’ என்பேன்.

இரண்டாவதாக வருவது நிரந்தர எண். அதற்குப் பொறுமை வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 6 ஆண்டுகள். சில இரவுகளில் அகப்படுவது ஒழுக்கின் (தமிழகத்தார் சுற்றுப்பாதை என்பர்) சிறு துண்டு. அதை நம்பி அடுத்த ஆண்டு எங்கே தேடுவது? சூரியனுக்கு நேரெதிரே அது வரும் காலங்களில், பொதுவாக நான்கு முறையாவது, பிடித்து அளந்த பின்பே எண் கொடுப்பார்கள்.

பெயர் அதற்கும் பிறகு. முன்மொழியும் உரிமை கண்டவருக்கு, 10 ஆண்டுகள். ஆங்கில எழுத்து 16க்கு மேல் ஆகாது. அரசியல், இராணுவத்தால் அறியப்பட்டவர் என்றால் இறந்து 100 ஆண்டுகள் கழிய வேண்டும். குளத்தின் பெயருக்கு அந்தத் தடை இல்லையே என்று என் மாணவி ஒருத்தி ‘முத்தையன்கட்டு’ என்பதைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி விரல்விட்டு எண்ணினாள். அவள் எழுத்துக்கூட்டலில் சரியாக 16! சிறுகோளைத்தான் இனிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்லுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

— முல்லைத்தீவு ஆசிரியர்

தம்பிக்கு,

‘முதல்’ சரி, எண்ணும் பெயரும் பின்னால் வரிசையில் நிற்பதை அது உணர்த்துகிறது. ‘குறி’தான் இடிக்கிறது. பத்தாம் வகுப்புக்குக் கற்பிப்பவர் நீங்கள். காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. ‘முதற்குறியீடு’ என்று நீட்டிவிடுங்கள். குறியிடும் முறை முழுவதும் அதற்குள் அடங்கும், பின்வாங்கில் இருப்பவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

— வவுனியா அக்கா