புதுப்பிப்பு: கடைசியில் ஹெராகிராஸ்தான்

போக்கிமான் வீடியோ கேமில் வண்டுத் துணையாக ஹெராகிராஸா, பின்சிரா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஹெராகிராஸையே பிடித்துவிட்டேன். பூச்சியும் சண்டையும் கலந்த வகை. பாறை, எஃகு வகைகளை நொறுக்குகிறது. பறக்கும் வகையிடம் மட்டும் நான்கு மடங்கு அடி வாங்கி, நேற்று ஒரே தாக்குதலில் சுருண்டு விழுந்தது.

அப்புறம் ஒரு திருத்தம். ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருக்கும் என்று எழுதியது தப்பு. பெண்ணுக்குக் கொம்பு நுனி இதய வடிவில் இருக்கும். 2006-இல் வந்த நான்காம் தலைமுறை கேம்களிலிருந்து அப்படி. (நிஜ ஜப்பானியக் கொம்பு வண்டில் பெண்ணுக்குக் கொம்பே கிடையாது!)

சிலர் சொன்ன கர்ராபிளாஸ்ட் என்ற இன்னொரு வண்டுப் போக்கிமானும் கையில் இருக்கிறது. அதை இன்னொருவரிடம் கொடுத்து ஷெல்மெட் என்ற போக்கிமானைப் பதிலுக்கு வாங்கினால்தான், ஷெல்மெட்டின் ஓட்டைக் கவசமாக மாட்டிக்கொண்டு எஸ்கவாலியராக உருமாறும். ஷெல்மெட் வைத்திருப்பது தம்பி. தரமாட்டேன் என்கிறான்.