அம்மாவின் மறதியும் உணவுமுறையும்: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் என்னுடன் வசிக்கும் 74 வயதான அம்மாவுக்கு அண்மைக்காலமாக ஞாபகமறதி கூடிவருகிறது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக எடுக்கும் மெட்ஃபோர்மின் பி12 விற்றமினைக் குறைக்கக்கூடும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். அளவு சரியாகவே இருந்தது.

ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயது வரையான 612 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்றில், மத்தியதரைக் கடல் உணவுமுறையை (ஒலிவ் எண்ணெய், காய்கறி, பயறு, மீன் நிறைந்தது) ஓராண்டு நன்கு கடைப்பிடித்தவர்களின் குடலில் சிலவகை பக்டீரியாக்கள் பெருகியதாகவும், அம்மாற்றம் மேம்பட்ட சிந்தனைத்திறனுடன் தொடர்புற்றிருந்ததாகவும் படித்தேன். தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது. ஆயினும், நார்ச்சத்தை நொதிக்கச்செய்து பியூட்டிரேட் போன்ற, குடலுக்கு நன்மை தரும் கொழுப்பமிலங்களை உருவாக்குவது குடல் பக்டீரியாக்களே என்பதால், ஒலிவ் எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தை நார்ச்சத்துள்ள நம் குரக்கன், கௌபி, வல்லாரை ஆகியவற்றுக்கும், கூடவே எருமைத் தயிர் வாங்கவும் செலவிடலாம் எனத் தோன்றுகிறது.

ஆனால் கௌபி உண்ட இரவெல்லாம் அம்மாவுக்கு வயிறு ஊதிவிடுகிறது, வெள்ளைப் பாணை விடவும் அவருக்கு மனமில்லை (அதுவும் சீனி போட்ட தேநீரில் தோய்த்து!).

உங்கள் வீட்டு முதியோருக்குப் பயறு வகைகளை எவ்வளவு மெதுவாகக் கூட்டினீர்கள்? நீரிழிவும் மறதியும் சேர்ந்தவர்களுக்கு உணவுத்திட்டம் வகுத்துத்தரும், தமிழில் பேசக்கூடிய ஊட்டச்சத்து நிபுணர் எவரையேனும் கொழும்பில் அறிந்திருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.