ராஜினாமா எழுதிக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (திருப்பூர், 2025)

காங்கயத்தான்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிற வேலை) இருக்கிறேன், 4 வருடம் 9 மாதம் ஆகிறது. எங்களுக்கு வருவது பூராவும் அமெரிக்க பையர் ஆர்டர். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அங்கே இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து புது ஆர்டரே இல்லை, தைத்த சரக்குக்கும் விலையைக் குறைக்கச் சொல்லி மெயில் மேல் மெயில். தையல் தளத்தில் 60 மிஷினில் 16 தான் ஓடுகிறது, மீதியில் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் என் சீட்டுக்குப் போகிறேன், வயிற்றைப் பிசைகிறது.

நேற்று ஆபீசில் கூப்பிட்டு, "இப்போதைக்கு ராஜினாமா எழுதிக் கொடு, ஆர்டர் வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், இல்லை முக்கால் சம்பளத்துக்கு இரு" என்றார்கள். சம்பளம் 34,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 18,000. மூன்று வயதுப் பையன், வாடகை, வண்டித் தவணை எல்லாம் இருக்கிறது. மச்சான் பிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டி, கோவையில் 1.4 லட்சம் ரூபாய் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேரச் சொல்கிறார். என்ன செய்யட்டுமுங்க?

நொய்யல்கரை:
தம்பி, ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீங்க. வாய்வார்த்தையை நம்பி எழுதிக் கொடுத்தால் நீங்களாக விட்டுப் போனதாகத்தான் ஆகும். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) 5 வருடம் வேண்டும், உங்களுக்கு இன்னும் மூணே மாசம். பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 10,384 ரூபாய், 5 வருடத்துக்குக் கிட்டத்தட்ட 52,000. (ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதற்காகக் கேஸ் போட்டு அலைய வேண்டாமே.) முக்கால் சம்பளத்துக்கே இருங்க.

நானும் இப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவன். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறை 700க்கு மேல் ஒரே அடியாக மூடினார்கள். துணி இருந்தது, சாயம் போட இடம் இல்லை. என்கூட இருந்தவர்களில் பாதிப்பேர் ஊருக்கே போய்விட்டார்கள். வெளியூருக்குச் சாயத்துக்கு அனுப்புகிற துணி லோடுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். பட்டறையிலேயே தங்கி, ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு ஏன் மாறுகிறது, துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, கிலோவுக்கு எவ்வளவு வேஸ்ட் போகிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த வேலையில் என்னை எடுத்ததே அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

உங்களுக்கு இப்போது கையில் நேரம் இருக்கிறது. மெயில் ஃபாலோ-அப் மட்டும் பார்க்கிற மெர்ச்சண்டைசரைத்தான் முதலில் கழிப்பார்கள், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) தெரிந்தவனைக் கடைசி வரை வைத்திருப்பார்கள். நூல் விலையிலிருந்து நிட்டிங், சாயம், கட்டிங் வேஸ்ட், பீஸ் ரேட் வரை ஒரு டி-சர்ட்டுக்கு முழுக் கணக்கை நீங்களே எக்செல்லில் போட்டுப் பாருங்க, மாஸ்டர்களிடம் போய் உட்கார்ந்து சரிபாருங்க. அப்புறம் ஐரோப்பிய ஆர்டர் செய்கிற கம்பெனிகள், உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கிறவர்கள், பையிங் ஹவுஸ்கள் (வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்கு வாங்கித் தருகிறவர்கள்), இந்த மூணு பக்கமும் பயோடேட்டா போகட்டும். அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த இடத்தில்தான் அடி பலம்.

பீளமேட்டு அக்கா:
நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஹெச்ஆர் தம்பி. பிஎஃப்பில் கை வைக்காதீங்க. வேலையை விட்டுவிட்டு, மொத்த சர்வீஸ் 5 வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு, பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்கு வேண்டிய 10 வருடக் கணக்கும் அறுந்துபோகும். வேலை மாறினால் அதே யுஏஎன் (பிஎஃப் கணக்கு) நம்பரில் மாற்றிக்கொண்டால் சர்வீஸ் சேர்ந்துகொண்டே வரும்.

இன்னொன்று, உங்களுக்கு அரசின் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கலாம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் அதுவும் வேலையோடு போய்விடும். சின்னப் பையன் இருக்கிறான், வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி மருத்துவ பாலிசி போட்டுவிடுங்க. முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எதற்கும் கிளைம் கிடைக்காது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

கோர்ஸ் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பிளேஸ்மெண்ட் உறுதி என்ற நோட்டீசோடு எங்களிடம் வந்து உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது. சேரத்தான் வேண்டுமென்றால், அங்கே படித்து வேலைக்குப் போன நாலு பேரிடம் நீங்களே போனில் பேசுங்க, அதுவரை ஒரு பைசா கட்டாதீங்க.

காங்கயத்தான்:
ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. ராத்திரி வீட்டில் படித்துக் காட்டினேன், வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்று அவங்களே சொல்லிவிட்டாங்க. முக்கால் சம்பளத்துக்குச் சம்மதிக்கப் போகிறேன். கடிதத்தில் எதைக் கவனிக்கணும்?

நொய்யல்கரை:
எத்தனை மாதத்துக்கு என்று தேதி போட்டு இருக்கணும். முக்கியமாக, பேசிக்கைத் தொடக் கூடாது, குறைக்கிற 8,500ஐ அலவன்சில் கழிக்கச் சொல்லுங்க. கிராஜுவிட்டி கடைசியாக வாங்கின பேசிக்கை வைத்துத்தான் வரும். கையெழுத்துப் போட்டதும் ஒரு காப்பி வாங்கிக்கிட்டு வாங்க.